சின்னப் பல்கலைக்கழக நகரத்தில் கஃபே: போட்டியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. அதில் கஃபேக்கள் கொஞ்சம் அதிகம். புதிதாகக் கடை தொடங்க நினைப்பவர்கள் வந்து உட்கார்ந்ததும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிட்டேன். உதாரணக் கணக்குகளில் எந்த நாட்டுப் பணமும் இல்லை; உங்கள் ஊர் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சின்னப் பல்கலைக்கழக நகரம் என்றால் எது?

மாணவர்கள் விடுமுறைக்குக் கிளம்பியதும் கடைத்தெருவின் சத்தமே குறைந்துபோகிற ஊர். இந்த ஓர் அடையாளம் போதும். பெருநகரத்திலும் பல்கலைக்கழகம் இருக்கும். ஆனால் அங்கே மாணவர் போனால் அலுவலகக்காரர் இருக்கிறார், அவர் போனால் சுற்றுலாப் பயணி வருகிறார். சின்ன ஊரில் அந்த மாற்று ஆள் கிடையாது. பெரும்பாலும் ஊரிலேயே அதிகம் பேருக்குச் சம்பளம் கொடுப்பதும் பல்கலைக்கழகம்தான், அதிக நிலம் வைத்திருப்பதும் அதுதான். உங்களுக்குக் கூட்டத்தை அனுப்பிவைப்பதும் அது, வளாகத்துக்குள்ளேயே ஓர் உணவுக்கூடம் வைத்து அந்தக் கூட்டத்தைப் பாதி வழியில் நிறுத்திவிடுவதும் அது.

ஏற்கெனவே 12 கஃபே இருக்கிறது. 13ஆவதுக்கு இடம் உண்டா?

கடைகளை எண்ணுவதில்தான் முதல் தவறு. 12 என்பது தெருவின் எண்ணிக்கை. உங்களுக்கு வேண்டியது மணியின் எண்ணிக்கை. காலை 8 மணிக்கு எத்தனை திறந்திருக்கின்றன? மதியம் 3 மணிக்கு எத்தனையில் உட்கார இடம் இருக்கிறது? இரவு 9 மணிக்கு எத்தனை விளக்கு எரிகிறது? இப்படிப் பார்த்தால் அதே ஊரில் காலையில் 12 போட்டியாளர்கள், மதியம் 5, இரவில் ஒன்றே ஒன்று என்று வரலாம். தேர்வுக் காலத்தில் விடுதிக்குப் போக மனமில்லாமல் சுற்றுகிற மாணவருக்கு அந்த இரவு 9 மணியில் மீதி 11 கடைகளும் இல்லாத கடைகள்.

ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மூன்று நாள் நடங்கள்: பாடம் நடக்கிற ஒரு வாரநாள், ஒரு வார இறுதி, விடுமுறையில் ஒரு நாள். மணிக்கு ஒரு முறை எல்லாக் கடைகளையும் சுற்றி வந்து, காலி நாற்காலிகளை மட்டும் எழுதுங்கள். எவ்வளவு விற்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஆனால் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இடமில்லை என்று திரும்பிப் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். அவர்கள்தான் 13ஆவது கடையின் வாடிக்கையாளர்கள். அப்படித் திரும்புகிறவர்களே இல்லாத ஊரில் நீங்கள் திறப்பது புதுக் கடை இல்லை. இருக்கிற கடைகளின் வியாபாரத்தில் ஒரு பங்கு கேட்கப் போகிறீர்கள். அதுவும் செய்யலாம், செலவு கூடும்.

உண்மையில் யாரோடு போட்டி போடுகிறேன்?

பக்கத்துக் கஃபேக்காரரோடு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் அவர் பட்டியலில் நான்காவதோ ஐந்தாவதோ.

முதலில் நூலகம். நாற்காலி இலவசம், இணையம் இலவசம், மின்சாரமும் இலவசம். உங்கள் கடைக்கு வந்து உட்கார்ந்து படிக்கிறவர் நூலகத்தை விட்டுவிட்டு வந்தவர். ஏன் வந்தார் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பேசலாம், சாப்பிடலாம், தெரிந்த முகத்தைப் பார்க்கலாம் என்பதற்காக வந்திருப்பார். சத்தத்துக்காகக்கூட வந்திருக்கலாம். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், 50 டெசிபல் அமைதியைவிட 70 டெசிபல் அளவிலான பின்னணி இரைச்சல் கற்பனை சார்ந்த பணிகளுக்கு உதவியது. 85க்குப் போனதும் கெடுத்தது. சராசரியான கஃபேயின் சத்தம் ஏறக்குறைய அந்த 70தான். பாட்டின் ஒலியைக் கூட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வளாகத்துக்குள் இருக்கிற காபிக் கடை. பல இடங்களில் அது சந்தை வாடகை கொடுப்பதில்லை. அதன் விலைப் பலகையைப் பார்த்து உங்கள் விலையை வைத்தால், கொடுக்காத வாடகையோடு போட்டி போடுகிறீர்கள் என்று பொருள்.

மூன்றாவது விடுதி அறை. ஒரு கிலோ கொட்டையில், ஒரு கோப்பைக்கு 18 கிராம் என்று வைத்தாலும் 55 கோப்பை வரும். சின்னக் காபி வடிகலம் ஒன்று வாங்கிவிட்ட மாணவர் இந்தக் கணக்கை ஒரு மாதத்தில் போட்டுவிடுவார். சுவையை மட்டும் நம்பிக் கடை நடத்துகிறவருக்கு இவர்தான் எதிரி, ஏனென்றால் கொஞ்சம் மெனக்கெட்டால் சுவை அறையிலேயே கிடைத்துவிடும். எதிரே ஒரு நண்பரை அந்த வடிகலத்தால் உட்கார வைக்க முடியாது.

ஒரே வாயிலுக்கு எதிரே நாலு கடை ஒட்டி ஒட்டி நிற்கிறதே, ஏன்?

பொருளியலில் இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. 1929இல் ஹரால்ட் ஹோட்டெல்லிங் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. 1000 மீட்டர் நீளமுள்ள தெரு, வாடிக்கையாளர்கள் அதன் நெடுகச் சீராகப் பரவியிருக்கிறார்கள், ஒரே பொருளை ஒரே விலைக்கு விற்கிற இரண்டு கடைகள். 250ஆவது மீட்டரில் ஒன்று, 750இல் ஒன்று என்று நின்றால் யாரும் 250 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டாம். ஆனால் முதல் கடைக்காரர் கொஞ்சம் நடுவே நகர்ந்தால் எதிராளியின் ஆட்களில் சிலர் இவரிடம் வருவார்கள். எதிராளியும் நகர்வார். கடைசியில் இருவரும் 500ஆவது மீட்டரில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பார்கள். இருவருக்கும் பாதிப் பாதிதான், முதலில் இருந்த அதே பங்கு. நடப்பது மட்டும் தெருக்கோடியில் இருப்பவர்கள்.

பல்கலைக்கழக வாயில்தான் அந்த 500ஆவது மீட்டர்.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. அதைப் பலர் சொல்வதில்லை. 1979இல் மூன்று பொருளியலாளர்கள் இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். கடைகள் விலையையும் மாற்றலாம் என்று விட்டு, தூரம் கூடக்கூட நடக்கிற சிரமம் இன்னும் வேகமாகக் கூடும் என்று வைத்தால், ஒட்டி நிற்பது கையைக் கடிக்கிறது: விலைப் போர் வந்து லாபம் கரைந்துவிடும். அதனால் கடைகள் முடிந்தவரை விலகிப் போகின்றன என்று காட்டினார்கள். வாயிலுக்கு எதிரே இடம் பிடித்துவிட்டவர் தூரத்தில் விலக முடியாது. ஆகவே வகையில் விலகுகிறார். ஒருவர் வேகத்துக்கு, ஒருவர் உட்காருவதற்கு, ஒருவர் இரவுக்கு, ஒருவர் சாப்பாட்டுக்கு. நாலு கடையும் நன்றாக நடக்கிற தெருவில் இப்படி ஒரு பேசாத ஒப்பந்தம் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். நாலும் ஒரே மாதிரி இருக்கிற தெருவில் ஆண்டுக்கு ஒரு பெயர்ப் பலகை மாறும்.

ஒரே கோப்பையோடு நாலு மணி நேரம் உட்காருகிறார்கள். என்ன செய்ய?

இந்தத் தொழிலின் நடுநரம்பு இந்தக் கேள்விதான். கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன்.

வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961இல் நிறுவிய ஒரு விதி உண்டு. கடைக்குள் சராசரியாக இருக்கிறவர்களின் எண்ணிக்கை என்பது, மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் தங்குகிறார்கள் என்பதால் பெருக்கினால் கிடைப்பது. இவ்வளவுதான். 40 நாற்காலி, ஆளுக்கு அரை மணி என்றால் மணிக்கு 80 பேரை ஏற்கலாம். ஆளுக்கு 2 மணி என்றால் 20 பேர்தான். காபி, விலை, அலங்காரம் எதுவும் மாறவில்லை. வருமானத்தின் உச்சவரம்பு மட்டும் நாலில் ஒன்றாகிவிட்டது.

இதுவும் நல்லெண்ணக் கணக்குதான். 40 நாற்காலியை 10 மேசையாகப் போட்டிருப்பீர்கள். மடிக்கணினியோடு வருகிறவர் தனியாக வருவார். 10 பேர், 10 மேசை. பதினோராவது ஆள் வாசலில் நின்று, கடை நிரம்பிவிட்டது என்று திரும்பிப் போவார். உள்ளே 30 நாற்காலி காலி.

பயந்துபோய் மின் இணைப்புகளையெல்லாம் அடைத்துவிடுகிற கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அதை ஆதரிப்பதில்லை. மதியம் 2 முதல் 5 வரை கடையில் ஆள் இருப்பதாகத் தெருவுக்குக் காட்டுவதே அந்த மடிக்கணினிக் கூட்டம்தான். காலிக் கடைக்குள் யாரும் முதலில் நுழைய விரும்ப மாட்டார்கள். பலன் தந்த வழி வேறு. சுவரோரம் நீள மேசை, உயரமான இருக்கை, அங்கே மட்டும் மின் இணைப்பு. படிக்க வந்தவர் தானாக அங்கே போய்விடுவார், ஒரு மேசைக்குப் பதில் ஓர் அகலப் பலகையளவு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வார். நடுவில் இரண்டு பேர் உட்காரும் சின்ன மேசைகள், தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம். மதிய உணவு நேரம் ஒன்றரை மணி மட்டும் நடு மேசைகளில் கணினி வேண்டாம் என்று ஓர் அட்டை. அட்டையைப் பணிவாக எழுதுங்கள். அதிகாரத் தொனி வந்தால் அதைப் படம் எடுத்துப் பரப்புவதற்கு மாணவர்களுக்கு இரண்டு நிமிடம் போதும்.

நாற்காலியை விற்பது ஒன்றும் புதுசு இல்லை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காபிக் கடைகளைப் ‘பென்னிப் பல்கலைக்கழகங்கள்’ என்றார்கள். ஒரு பென்னி கொடுத்தால் ஒரு கோப்பை, செய்தித்தாள், நாள் முழுக்கப் பேச்சு. அந்த நாட்டின் முதல் காபிக் கடை திறந்ததாகச் சொல்லப்படுவதும் ஒரு பல்கலைக்கழக ஊரில்தான்: ஆக்ஸ்ஃபோர்ட், 1650 வாக்கில். நாலு மணி நேரம் உட்காருகிற ஆளைப் பற்றிய புலம்பலும் அப்போதே தொடங்கியிருக்கும் என்பது என் சொந்த ஊகம்.

விடுமுறை மாதங்களை எப்படித் தாங்குவது?

ஆண்டுக்கு 52 வாரம். இரண்டு பருவம், பருவத்துக்கு 16 வாரம் என்று வைத்தால் கூட்டம் இருப்பது 32 வாரம். மீதி 20 வாரம் ஈ ஓட்ட வேண்டியதுதான். வாடகைக்கு மட்டும் விடுமுறை கிடையாது.

ஒரு கணக்கு. வாடகை, சம்பளம், கடன் தவணை சேர்த்து வாரத்துக்கு 100 செலவு, ஆண்டுக்கு 5200. மூலப்பொருள் செலவு போகப் பருவ வாரங்களில் 150 நிற்கிறது, விடுமுறை வாரங்களில் 40. 32 வாரத்துக்கு 4800, 20 வாரத்துக்கு 800, மொத்தம் 5600. ஆண்டு முடிவில் மிச்சம் 400. இந்தக் கடையை வெளியிலிருந்து பார்க்கிறவர் பருவ நேரத்துக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கொழிக்கிறது என்று சொல்வார்.

இப்போது ஒரு புதுக் கடை வந்து பருவ நேர வியாபாரத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 4800 என்பது 4320 ஆகும். மொத்தம் 5120. 80 நஷ்டம். பத்தில் ஒரு பங்கு போனதற்கு முழு லாபமும் போய், முதலிலும் கை வைத்தாகிவிட்டது.

அதே கடை விடுமுறை வாரத்தின் 40ஐ 60 ஆக்கினால்? 20 வாரத்துக்கு 1200. மொத்தம் 5520, மிச்சம் 320. போட்டியாளர் எடுத்துக்கொண்டதில் பெரும்பகுதி, அவர் எட்டிக்கூடப் பார்க்காத மாதங்களிலிருந்து திரும்பி வந்துவிட்டது. வாரத்துக்கு இந்தக் கூடுதல் 20ஐக் கொண்டுவருகிறவர்கள் ஊர்க்காரர்கள்: மருத்துவமனைப் பணியாளர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள். ஆனால் பருவ நேரத்தில் அவர்களை மூலையில் தள்ளிவிட்டு, மாணவர் போனதும் வாருங்கள் என்றால் வர மாட்டார்கள். அவர்களுக்கு ஆண்டு முழுக்கவும் ஒரு மேசை இருக்க வேண்டும். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் நுழைகிற வாசல், கூசாத வெளிச்சம், படிக்கிற அளவில் எழுதிய விலைப் பலகை. இளைஞர்களைக் கவர வேண்டும் என்ற அவசரத்தில் முதலில் அடிபடுவது இவைதான்.

மாணவர்கள் ஒரு கடைக்குப் பழகிவிட்டால் மாற மாட்டார்கள் இல்லையா?

மாற மாட்டார்கள், ஆனால் போய்விடுவார்கள். மூன்றாண்டுப் படிப்பு என்றால் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு, நான்காண்டு என்றால் நாலில் ஒரு பங்கு வாடிக்கையாளர் பட்டம் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்புகிறார்கள். வேறு எந்தச் சந்தையிலும் இவ்வளவு ஒழுங்காக மறதி வராது.

இதில் நல்லதும் உண்டு. பேர் கெட்டுப்போன கடைக்கு மூன்றாண்டில் மறுபிறவி. புதிதாக வருகிறவருக்கும் ஆண்டுதோறும் ஒரு கதவு திறக்கிறது: புது மாணவர்கள் வந்து இறங்குகிற முதல் மூன்று நான்கு வாரம். எந்த வழியாக வகுப்புக்குப் போவது, யாரோடு சாப்பிடுவது, எங்கே காபி என்பதெல்லாம் அந்த வாரங்களில் படிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் தேர்வு நேரத்துக் கூட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டு அந்த வாரத்திலேயே கடையைத் திறந்தார். நாலு வாரம் அமர்க்களம். ஐந்தாவது வாரம் ஊர் காலி. கையிருப்பு அடுத்த பருவம் வரை தாங்கவில்லை. அவர் காபியில் ஒரு குறையும் இல்லை.

ஊரிலேயே தங்கிவிடுகிறவர்களையும் தேடுங்கள். ஆய்வு மாணவர்கள், பேராசிரியர்கள், அலுவலக ஊழியர்கள். ஊரின் நினைவு இவர்களிடம்தான் இருக்கிறது. ‘காபிக்கு எங்கே போகலாம்’ என்று புது மாணவர் கேட்கும்போது பதில் சொல்கிறவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான்.

விலையைக் குறைத்து இழுக்கலாமா?

வேண்டாம். விலை 100, மூலப்பொருள் 30 என்றால் நிற்பது 70. பத்து குறைத்தால் நிற்பது 60. பழைய தொகையைப் பிடிக்க 17 சதவீதம் அதிகம் விற்க வேண்டும். இருபது குறைத்தால் 40 சதவீதம் அதிகம். கூட்ட நேரத்தில் அந்த 40 சதவீதம் பேரை எங்கே உட்கார வைப்பீர்கள்?

சலுகை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நாற்காலி தூங்குகிற நேரத்துக்குக் கொடுங்கள். பத்தாவது கோப்பை இலவசம் என்கிற அட்டையும் விலைக்குறைப்புதான்: மேலே சொன்ன எண்களில் பத்துக் கோப்பைக்கு 900 வரவு, 300 செலவு, கோப்பைக்கு 60 நிற்கிறது. பத்து சதவீதத் தள்ளுபடிக்குச் சமம். தெரிந்து கொடுத்தால் சரி.

பெரிய சங்கிலி நிறுவனம் வந்தால் கதை முடிந்ததா?

1971இல் சியாட்டிலில் ஒரே கடையாகத் தொடங்கிய ஸ்டார்பக்ஸுக்கு இன்று உலகம் முழுக்கச் சுமார் 40,000 கடைகள். அப்படிப்பட்ட ஒன்று வாயிலுக்கு எதிரே வந்தால் பயப்படத்தான் தோன்றும். ஆனால் அதே நிறுவனம் 2000இல் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்து வேகமாகக் கடை திறந்து, 2008இல் 84 கடைகளில் 61ஐ ஒரே மூச்சில் மூடியது. அங்கே தெருவுக்குத் தெரு ஏற்கெனவே நல்ல காபி இருந்தது. வாடிக்கையாளரின் பெயரைத் தெரிந்து வைத்திருந்த கடைக்காரர்கள் இருந்தார்கள்.

சங்கிலிக் கடைக்கு இரண்டு பெரிய பலம்: நல்ல இடத்தைப் பிடிக்கிற பணம், நஷ்டத்தை இரண்டு ஆண்டு தாங்குகிற பொறுமை. புது மாணவருக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே தெரியும் என்பது மூன்றாவது. பலவீனம், முடிவுகள் வேறு ஊரில் எடுக்கப்படுவது. தேர்வு வாரம் முழுக்க நள்ளிரவு வரை திறந்து வைக்கலாமா என்று நீங்கள் மாலை 5 மணிக்கு யோசித்து 6 மணிக்கு அறிவிக்கலாம். அவர்கள் மேலிடத்தைக் கேட்க வேண்டும்.

செய்யக்கூடாதது ஒன்று: புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொள்வது. அவர்களைப் போலவே 40 வகைப் பானம், அவர்களைப் போலவே செயலி, அவர்களைப் போலவே அட்டைக் கோப்பையில் பெயர். அவர்கள் அதைக் குறைந்த செலவில் செய்வார்கள், நீங்கள் அதிகச் செலவில் செய்வீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சங்கிலிக் கடை வருவதால் உடனே உங்களைத் தாக்குவது பெரும்பாலும் அதன் காபி இல்லை. அந்தத் தெருவில் கட்டட உரிமையாளர்கள் கேட்கத் தொடங்குகிற புது வாடகை.

உயர்தரக் காபி மட்டும் விற்றால் தனித்து நிற்கலாமா?

நிற்கலாம். ஆனால் முதலில் வகுப்புகளுக்கு இடையிலுள்ள பத்து நிமிடத்தைப் பாருங்கள். நல்ல எஸ்பிரெசோ (இயந்திரத்தில் அழுத்தம் கொடுத்து இறக்குகிற கெட்டிக் காபி) என்பது 18 முதல் 20 கிராம் பொடி, ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு எடையில் சாறு, 25 முதல் 30 நொடி. பால் சூடாக்கி ஊற்றி மூடி போட்டுக் கொடுக்க, பழகிய கைக்கும் கோப்பைக்கு ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட இடைவேளைக்குப் பத்துப் பேர். வரிசையில் பதினைந்தாவது ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார், நாளைக்கு வரிசையில் நிற்கவும் மாட்டார். கோப்பையின் மேல் வடிதாள் வைத்துக் கையால் நீர் ஊற்றுகிற முறைக்கோ மூன்று நான்கு நிமிடம்.

அதனால் மொத்தமாக வடித்துச் சூடான குடுவையில் வைத்த நல்ல காபி ஒன்று இருக்கட்டும். ஊற்றிக் கொடுக்கப் பத்து நொடி. கைவேலை எல்லாம் மதியத்துக்கு.

காபிக்கொட்டை விலை ஏறினால் யார் முதலில் விலையை ஏற்றுவது?

காபிக்கொட்டையின் இரண்டு முக்கிய வகைகளில் அராபிகா நியூயார்க் சந்தையிலும் ரொபஸ்டா லண்டன் சந்தையிலும் விலைபோகின்றன. உலகிலேயே அதிகம் காபி விளைகிற பிரேசிலில் உறைபனி விழுந்தால் உங்கள் தெரு வரைக்கும் தெரியும். 1975 உறைபனிக்குப் பிறகு 1977இல் அராபிகா தொட்ட உச்ச விலையை, பணவீக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், 2024 டிசம்பரில்தான் சந்தை தாண்டியது.

ஆனால் பீதி வேண்டாம். 100க்கு விற்கிற கோப்பையில் கொட்டைக்கு 10 போகிறது என்று வைத்தால், கொட்டை விலை இரண்டு மடங்கானாலும் கூடுகிற செலவு 10. சம்பளமும் வாடகையும் இதைவிடப் பெரிய செலவுகள். கொட்டை விலை எல்லாக் கடைக்கும் ஒரே நேரத்தில் ஏறுவதால் ஒருவர் ஏற்றினால் மற்றவர்களும் ஏற்றுவார்கள். ஏற்றுவதற்கு நல்ல நேரம், புது மாணவர் வருவதற்கு முந்தைய வாரம். அவர்களுக்குப் பழைய விலை தெரியாது.

வேலைக்கு ஆள் கிடைப்பதிலும் போட்டியா?

ஆமாம், அதே மாணவர்களுக்காகத்தான். தேர்வு வாரத்தில் கூட்டமும் அதிகம், விடுப்பு கேட்பவர்களும் அதிகம். மாணவர் அல்லாத, ஊர்க்கார ஊழியர் ஒருவராவது முழுநேரமாக இருந்தால் கடை பிழைக்கும்.

வளாகத்துக்குள்ளேயே ஒப்பந்தம் கிடைத்தால் எடுக்கலாமா?

நாற்காலிகளும் கூட்டமும் தயாராக இருக்கும், உண்மைதான். கையெழுத்துப் போடுமுன் நாலு விஷயம் பாருங்கள்: விடுமுறையிலும் திறந்தே ஆக வேண்டும் என்று இருக்கிறதா, விலையை ஏற்ற அனுமதி கேட்க வேண்டுமா, பக்கத்துக் கட்டடத்தில் இன்னொருவருக்கு இடம் கொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டா, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு. காலம் குறைவாக இருந்தால் இயந்திரத்தின் கடன் முடிவதற்குள் அடுத்த ஏலம் வந்துவிடும்.

வெளியே கடை வைப்பவருக்கும் இதில் ஒரு பாடம்: பல்கலைக்கழகத்தின் கட்டடத் திட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு துறையை ஊரின் மறுகோடிக்கு மாற்றினால் எந்தப் போட்டியாளரும் இல்லாமலேயே தெரு செத்துப்போகும்.

கணக்கெடுப்பை எந்த நாளில் தொடங்கலாம்?

பருவத்தின் மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை. முதல் வாரத்தில் எல்லோரும் எல்லாக் கடையையும் முயன்று பார்ப்பார்கள், அதை நம்ப முடியாது. காலை கடை திறப்பதிலிருந்து கடைசி விளக்கு அணைவது வரை, மணிக்கு ஒரு வரி. பிறகு விடுமுறையின் நடுவில் இன்னொரு செவ்வாய், அதே கடைகள், அதே மணிகள், தனித் தாளில். இரண்டாவது தாளை எடுத்துக்கொண்டு கட்டட உரிமையாளரைப் பார்க்கப் போங்கள். விடுமுறை மாதங்களுக்குப் பாதி வாடகை என்று கேட்பதற்கு அதைவிட நல்ல காகிதம் உங்களிடம் இருக்காது. அவர் மறுத்துவிட்டால் முதல் தாளைக் காட்ட வேண்டாம். வீட்டுக்கு வந்து, மேலே போட்ட 5200 கணக்கை அவர் சொன்ன வாடகையை வைத்து இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.